பனித்தரையில் பதினெட்டு ஆண்டுகள்

விளையாட்டுகள் பலவகைப்படும். ஓட்டம், தாண்டல், எறிதல், நீச்சல் முதலியவற்றில் ஒருவர் தம் வலிமையைக் கொண்டு தாமே வெல்கிறார். கபடி, கோ-கோ, வலைப்பந்து ஆகியவற்றில் பலர் கூடி வெல்கின்றனர். குழு ஆட்டத்தில் ஒருவர் சோர்ந்தால் மற்றொருவர் ஈடு செய்யலாம். மாற்று ஆட்டக்காரரும் வெளியே காத்திருப்பார். இவ்விரண்டிலும் சேராத வேறொரு வகையும் உண்டு. அதில் ஆடுவோர் இருவரே. ஒருவர் பிழை செய்தால் இருவருக்கும் மதிப்பெண் குறையும். ஒருவர் காயமுற்றால் இருவரும் வெளியேற வேண்டும். மாற்று ஆளுக்கு அங்கே இடமில்லை. பனிச்சறுக்கு நடனத்தில் 'இணையர் போட்டி' எனப்படுவது அத்தகையது.

நம்மில் பெரும்பாலோர் பனிக்கட்டியைப் பழச்சாற்றுக் கடையிலும் மீன் கூடையிலும்தான் கண்டிருக்கிறோம். அதன் மேல் ஒருவர் நடப்பதே நமக்கு வியப்பு. அதன் மேல் ஓடி, எழும்பி, காற்றில் மும்முறை சுழன்று, ஒற்றைக் காலில் இறங்கி, முகத்தில் புன்னகை மாறாமல் இருப்பது எத்தகைய கலை என்பதை இக்கட்டுரையில் சிறிது ஆராய்வோம். அதற்குச் சீன நாட்டு வீராங்கனை ஷென் ஷுவே அம்மையாரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். அவருடைய வரலாற்றைச் சொல்லப் புகுந்தால் அவருடைய ஆசிரியரின் வரலாற்றையும் சொல்லியே ஆகவேண்டும். ஏனெனில் அது வெற்றியில் தொடங்கிய வரலாறு அன்று. பிறர் நகைப்பில் தொடங்கியது.

தரையும் காலணியும்

போட்டிக்குரிய பனித்தளம் ஏறத்தாழ 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. அரங்கினுள் குளிரூட்டும் குழாய்களின் மேல் நீரை உறையவைத்து, பூச்சியத்திற்குச் சில பாகை கீழே வைத்திருக்கின்றனர். பனி மிகவும் கெட்டியாக இருந்தால் அலகு பற்றாது. மிகவும் மென்மையாக இருந்தால் தாண்டி இறங்கும் இடத்தில் குழி விழும்.

காலணியின் அடியில் பொருத்திய எஃகு அலகு கத்தியைப் போல ஒரே கூர்மை உடையது என்று நாம் எண்ணுவோம். உண்மை அதுவன்று. அலகின் அடிப்பகுதி நடுவில் சற்றே குழிந்து, இருபுறமும் இரு விளிம்புகளாக அமைந்திருக்கும். உள்விளிம்பில் சாய்ந்தால் ஒரு பக்கமாகவும் வெளிவிளிம்பில் சாய்ந்தால் மறுபக்கமாகவும் வளைந்து செல்லலாம். முன்னோக்கியும் பின்னோக்கியும் இவ்விரு விளிம்புகளைக் கையாளுவதே இக்கலையின் அரிச்சுவடி. அலகின் முனையில் அரம்பம் போன்ற பற்கள் உண்டு. சில வகைத் தாண்டல்களில் அவற்றைப் பனியில் ஊன்றியே எழும்புகின்றனர்.

சுழற்சியின் இரகசியம் நம் பௌதிகப் பாடநூலில் இருக்கிறது. கைகளை விரித்துச் சுழலும் ஒருவர் அவற்றை மார்போடு சேர்த்துக்கொண்டால் வேகம் உடனே கூடும். கோண உந்தம் மாறாதிருக்க, பொருள் அச்சுக்கு நெருங்க நெருங்கச் சுழற்சி விரைவடையும் என்பதே விதி. தாண்டி எழும்பியவர் காற்றில் கைகளை இறுக்கிக்கொள்வதும், இறங்கும்போது விரிப்பதும் அழகுக்காக மட்டும் அல்ல. இறுக்குவது சுழல, விரிப்பது நிற்க.

இணையர் ஆட்டத்தின் கூறுகள்

இணையர் ஆட்டம் ஒலிம்பிக் போட்டிகளில் 1908-ஆம் ஆண்டு இலண்டனிலேயே இடம்பெற்றது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் முதலில் ஒரு குறு ஆட்டத்தையும், பிறகு ஒரு நெடு ஆட்டத்தையும் இசைக்கேற்ப ஆடவேண்டும். இரண்டின் மதிப்பெண்களும் சேர்ந்து முடிவாகும்.

இதில் வரும் கூறுகள் சில. ஆடவர் பெண்ணைத் தலைக்கு மேல் ஏந்தியபடியே சறுக்கிச் செல்வது தூக்கு. மேலே எறியப்பட்ட பெண் படுக்கைவாட்டில் சுழன்று மீண்டும் அவர் கைகளில் விழுவது முறுக்குத் தூக்கு. ஆடவர் ஓரிடத்தில் நின்று சுழல, அவர் ஒரு கையைப் பற்றிய பெண் தலை பனியைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்து அவரைச் சுற்றி வட்டமிடுவது மரணச் சுழல். பெயர் அச்சமூட்டுவது, காட்சியோ தாமரை இதழ் நீரில் மிதப்பது போன்றது.

இவை எல்லாவற்றிலும் நம் கவனத்திற்கு உரியது எறிதாண்டல். ஆடவர் பெண்ணை வேகத்தோடு வீசுகிறார். அவள் தொலைவில் பறந்து, மூன்று சுற்றுச் சுற்றி, பின்னோக்கிய நிலையில் ஒற்றைக் காலில் இறங்குகிறாள். 'வீசுபவர் வலியவர், வீசப்படுபவள் வெறும் பொருள்' என்று பார்ப்போர் கருதக்கூடும். அது தவறு. எழும்புவது அவளே. சுழற்சியைத் தொடங்குவதும் நிறுத்துவதும் அவளே. இறங்கும்போது உடலின் வேகம் முழுவதையும் தாங்குவது அவளுடைய ஒரே கணுக்கால். கையை விட்ட பிறகு ஆடவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, பார்த்துக்கொண்டிருப்பது ஒன்றே. ஷென் ஷுவே உலகப் புகழ் பெற்றது இக்கூற்றில்தான்.

நகைப்புக்கு ஆளான ஆசிரியர்

சீனாவின் வடகிழக்கே ஹெய்லோங்ஜியாங் மாநிலத்தின் தலைநகர் ஹார்பின். குளிர்காலத்தில் அங்கே சோங்ஹுவா ஆறு கல்லாய் உறைந்துவிடும். அந்த ஆற்றுப் பனியை வெட்டிக் கோபுரங்களும் அரண்மனைகளும் கட்டி விழா எடுக்கும் ஊர் அது. அவ்வூரில் 1957-ஆம் ஆண்டு பிறந்தவர் யாவ் பின்.

யாவ் பின்னும் அவருடைய இணையான லுவான் போவும் 1980-ஆம் ஆண்டு ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் நடந்த உலகப் போட்டிக்குச் சென்றனர். சீனாவிலிருந்து இணையர் பிரிவில் உலகப் போட்டிக்கு வந்த முதல் இருவர் இவர்களே. அந்நாளில் சீனாவில் இவர்களுக்குக் கற்பிக்க இணையர் ஆட்டம் அறிந்த ஆசிரியர் இல்லை. வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் நிழற்படங்களைப் பார்த்து, இந்தப் பிடி இப்படித்தான் இருக்கவேண்டும் என்று ஊகித்துப் பழகினர். நிழற்படம் ஒரு கணத்தைத்தான் காட்டும். அந்நிலைக்கு எப்படி வந்தார்கள், அதிலிருந்து எப்படி மீண்டார்கள் என்பதைக் காட்டாது. நடனம் கற்க விரும்பும் ஒருத்திக்குக் கோயிற் சிற்பங்கள் மட்டுமே ஆசிரியராக வாய்த்தால் எப்படியோ, அப்படி இருந்தது அவர்கள் நிலை.

டோர்ட்மண்டில் அவர்கள் கடைசி இடம் பெற்றனர். அரங்கில் இருந்தோர் தங்களைப் பார்த்துச் சிரித்ததை யாவ் பின் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அடுத்தடுத்த உலகப் போட்டிகளிலும் அதே இடம். 1984-ஆம் ஆண்டு சாரயேவோ ஒலிம்பிக்கிலும் கடைசி இடமே கிடைத்தது.

இவ்வளவு நகைப்புக்கு ஆளான ஒருவர் பனித்தளத்தின் பக்கமே திரும்பாமல் இருந்திருக்கலாம். யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். யாவ் பின் பயிற்சியாளரானார். தமக்குக் கிடைக்காத ஆசிரியராகத் தாமே ஆக முற்பட்டார்.

ஹார்பின் நகரத்துச் சிறுமி

ஷென் ஷுவே 1978-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் ஹார்பினில் பிறந்தார். 'ஷுவே' என்ற சீனச் சொல்லுக்கு வெண்பனி என்பது பொருள். பெயருக்கேற்ப இளமையிலேயே பனித்தளத்தில் பழகினார். முதலில் அவர் ஆடியது தனியாட்டம். 1992-ஆம் ஆண்டு அவரை ஜாவ் ஹோங்போ என்ற இளைஞருடன் இணைத்தனர். ஹோங்போவும் ஹார்பின்காரர், 1973-ஆம் ஆண்டு செப்டம்பரில் பிறந்தவர். அப்போது ஷுவேக்கு வயது பதின்மூன்று; ஹோங்போவுக்குப் பதினெட்டு. பயிற்றுவித்தவர் யாவ் பின்.

பதின்மூன்று வயது என்பது நம் பள்ளியில் எட்டாம் வகுப்பு. அந்த வயதில் ஒரு பெண், முன்பின் பழகாத ஒருவரின் கைகளை நம்பித் தலைக்கு மேல் உயரே செல்லவேண்டும். கீழே இருப்பது மெத்தை அன்று. பாறை போன்ற பனி. நம்பிக்கை என்னும் சொல்லை நாம் எளிதாகக் கையாளுகிறோம். இணையர் ஆட்டத்தில் அது சொல்லாக நிற்காது. ஒவ்வொரு நாளும் செயலாக வேண்டும். இன்று சரியாகப் பிடித்தாரா, நாளையும் பிடிப்பாரா என்ற ஐயம் ஒரு நொடி எழுந்தாலும் உடல் தயங்கும். தயங்கிய உடல் விழும். பல்லாயிரம் முறை சரியாகப் பிடித்த பின்னரே அந்த நம்பிக்கை வேர்கொள்கிறது.

இருபத்தொன்றிலிருந்து ஒன்றுக்கு

1994-ஆம் ஆண்டு ஜப்பானில் நடந்த உலகப் போட்டியில் இவ்விணையர் முதன்முறையாகக் கலந்துகொண்டனர். பெற்ற இடம் 21. அடுத்து 1996-இல் 15, 1997-இல் 11, 1998-இல் 4. அதே 1998-ஆம் ஆண்டு நகானோ ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம். 1999-ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் இரண்டாம் இடம். இணையர் பிரிவில் உலகப் போட்டியில் சீனா பெற்ற முதல் பதக்கம் அதுவே. (தனியாட்டத்தில் சென் லூ என்ற வீராங்கனை 1995-ஆம் ஆண்டே உலகப் பட்டம் வென்று வழி திறந்திருந்தார்.)

இந்த எண்களை மாணவியர் ஒருமுறை வரிசையாகப் படித்துப் பார்க்கவேண்டும்: 21, 15, 11, 4, 2. ஒரு மாதத் தேர்வுக்கும் அடுத்த மாதத் தேர்வுக்கும் இடையே தரவரிசை ஏறவில்லை என்று கலங்குவோர் நம்மிடையே உண்டு. இங்கே ஒவ்வொரு படிக்கும் ஓராண்டோ ஈராண்டோ கடந்திருக்கிறது. படிகளுக்கு இடையே நடந்தது எதுவும் செய்தித்தாளில் வரவில்லை.

அந்நாட்களில் இவர்களைப் பற்றி ஒரு குறை சொல்லப்பட்டது. தாண்டலும் எறிதலும் வலிமையாக இருக்கின்றன. இசையும் நயமும் போதவில்லை என்பது அக்குறை. அக்குறையைக் களைய அவர்கள் முயன்றனர். நெடு ஆட்டத்திற்கு இசையைத் தேர்வதிலும், கைவிரல் முதல் கண்பார்வை வரை அதற்கேற்ப அமைப்பதிலும் ஆண்டுகளைச் செலவிட்டனர். குறையை எடுத்துச் சொன்னவரைப் பகைத்துக்கொள்ளாமல் சொன்ன குறையை ஆராய்வது ஒரு பெரிய படிப்பு.

2002-ஆம் ஆண்டு சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் அவர்கள் நான்கு சுற்று எறிதாண்டலை முயன்றனர். ஷுவே இறங்கும்போது விழுந்தார். ஆயினும் வெண்கலப் பதக்கம் கிடைத்தது. அந்தப் போட்டியில் நடுவர் தீர்ப்பைப் பற்றிப் பெரும் சர்ச்சை எழுந்து, ரஷ்ய இணையருக்கும் கனடிய இணையருக்கும் தங்கம் இரண்டாக வழங்கப்பட்டது, பின்னர் 6.0 என்ற உச்ச மதிப்பெண்ணை உடைய பழைய முறையே மாற்றப்பட்டது. சில வாரங்களில், 2002 மார்ச் மாதம், நகானோவில் நடந்த உலகப் போட்டியில் ஷென் ஷுவேயும் ஜாவ் ஹோங்போவும் முதலிடம் பெற்றனர். இணையர் பிரிவில் சீனாவின் முதல் உலகப் பட்டம். 21-ஆம் இடத்திலிருந்து முதலிடத்திற்கு எட்டு ஆண்டுகள்.

2004-ஆம் ஆண்டு உலகப் போட்டி மீண்டும் டோர்ட்மண்டில் நடந்தது. இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் யாவ் பின்னையும் லுவான் போவையும் பார்த்துச் சிரித்த அதே நகரம். அங்கே அவருடைய மாணவர் இருவரும் நெடு ஆட்டத்தில் சில நடுவர்களிடமிருந்து 6.0 என்ற நிறைவான மதிப்பெண்ணைப் பெற்றனர். மொத்தத்தில் கிடைத்தது இரண்டாம் இடமே. எனினும் அரங்கு எழுந்து நின்று கைதட்டியது. ஆசிரியர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய சன்மானம் எதுவாக இருக்கமுடியும்?

காயமும் ஒரு கேள்வியும்

இந்த வரலாற்றில் வலியும் உண்டு. அதை மறைத்துப் புகழ் மட்டும் பாடுவது முறையன்று.

2003-ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில் நடந்த உலகப் போட்டியில், பயிற்சியின்போது ஷுவேயின் கால் காயமுற்றது. மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு அவர் ஆடினார். அன்று ஆடிய நெடு ஆட்டம் அவர்களுடைய சிறந்த ஆட்டங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. இரண்டாம் முறை உலகப் பட்டமும் கிடைத்தது. 2005-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஹோங்போவின் குதிகால் நரம்பு அறுந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் சில மாதங்களில் 2006 பிப்ரவரியில் டூரின் ஒலிம்பிக்கில் ஆடி, மீண்டும் வெண்கலம் பெற்றனர். அதே போட்டியில் யாவ் பின்னின் மற்றொரு மாணவியான ஜாங் டான் நான்கு சுற்று எறிதாண்டலில் விழுந்து முழங்காலில் அடிபட்டார். சற்று நேரத்தில் எழுந்து வந்து ஆட்டத்தை முடித்து, தம் இணை ஜாங் ஹாவுடன் வெள்ளி பெற்றார்.

இவற்றை வீரம் என்று உலகம் போற்றியது. நாமும் போற்றுகிறோம். ஆனால் பெற்றோரும் ஆசிரியரும் மாணவியரும் சேர்ந்து சிந்திக்கவேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. வலி என்பது இறைவன் உடலுக்கு வைத்த காவல் மணி. அதை ஊசியால் நிறுத்திவிட்டு ஆடுவதை ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிய முன்மாதிரியாகக் கொள்ளலாமா? நம் உடல் தூய ஆவியார் குடிகொள்ளும் ஆலயம் என்று மறைக்கல்வி வகுப்பில் கற்கிறோம். ஆலயத்தைப் பேணுவதும் கடமை.

வளர்ந்த, விவரமறிந்த, தேர்ந்த வீராங்கனை ஒருவர் மருத்துவர் துணையோடு தாமே எடுக்கும் முடிவு வேறு. வளரும் பருவத்துச் சிறுமியைப் பெரியோர் தூண்டி ஆடவைப்பது வேறு. 2003-இல் ஷுவேக்கு வயது இருபத்து நான்கு என்பதை மறக்கலாகாது. பனிச்சறுக்கின் உலக அமைப்பும் இதைக் காலம் தாழ்த்தியேனும் உணர்ந்தது. மூத்தோர் போட்டிகளில் கலந்துகொள்ளப் பதினைந்தாக இருந்த குறைந்த வயதைப் படிப்படியாகப் பதினேழாக உயர்த்த 2022-ஆம் ஆண்டு முடிவு செய்தது. பதக்கத்தைவிடப் பிள்ளை பெரிது என்பதற்கு இது ஒரு சட்டம். வீட்டிலும் பள்ளியிலும் இதற்குச் சட்டம் தேவைப்படாதிருக்க வேண்டும்.

வான்கூவர் 2010

2007-ஆம் ஆண்டு டோக்கியோவில் மூன்றாம் முறை உலகப் பட்டம் வென்றபோது, ஹோங்போ பனித்தரையிலேயே மண்டியிட்டு ஷுவேயிடம் திருமண விருப்பத்தைத் தெரிவித்தார். பதினைந்து ஆண்டு ஒன்றாக உழைத்த இருவரும் அவ்வாண்டே கணவன் மனைவி ஆயினர். போட்டிகளிலிருந்தும் விலகினர். வாழ்க்கை அங்கேயே அமைதியாகத் தொடர்ந்திருக்கலாம். ஆனால் ஒலிம்பிக் தங்கம் மட்டும் கைக்கு எட்டாமலே இருந்தது.

2009-ஆம் ஆண்டு அவர்கள் திரும்பி வந்தனர். 2010 பிப்ரவரியில் கனடாவின் வான்கூவரில் ஒலிம்பிக். அப்போது ஷுவேக்கு வயது 31; ஹோங்போவுக்கு 36. இணையர் ஆட்டத்தில் இது முதிர்ந்த வயது. குறு ஆட்டம் நடந்த நாள் பிப்ரவரி 14. அவ்வாண்டு சீனப் புத்தாண்டும் அந்நாளிலேயே வந்தது. ஆடும் வரிசையில் இவர்களுக்குக் கிடைத்தது முதல் இடம். முதலில் ஆடுவதை எவரும் விரும்புவதில்லை. பின்னால் வருவோரை ஒப்பிட இடம் வைக்கவேண்டும் என்று நடுவர்கள் மதிப்பெண்ணைப் பிடித்துப் போடுவார்கள் என்பது பொதுவான அச்சம். ஆயினும் அன்று கிடைத்தது 76.66. குறு ஆட்டத்தில் அதுவரை எவரும் பெறாத மதிப்பெண் அது.

மறுநாள் நெடு ஆட்டம். ஒரு தூக்கில் சிறு தடுமாற்றம் நேர்ந்தது. ஆனால் அதன் நிழல் அடுத்த கூறின் மேல் விழவில்லை. நெடு ஆட்டத்தில் மட்டும் பார்த்தால் அன்று முதலிடம் பாங் ச்சிங், டோங் ஜியான் என்ற மற்றொரு சீன இணையருக்கே. மொத்தத்தில் ஷென் ஷுவேயும் ஜாவ் ஹோங்போவும் 216.57 பெற்றுத் தங்கம் வென்றனர். பாங்கும் டோங்கும் 213.31 பெற்று வெள்ளி வென்றனர். அவர்களும் யாவ் பின்னின் மாணவரே.

1964-ஆம் ஆண்டு முதல் 2006 வரை நடந்த பன்னிரண்டு ஒலிம்பிக்குகளிலும் இணையர் தங்கம் சோவியத் நாட்டவருக்கோ, அதன் வழிவந்தோருக்கோ கிடைத்துவந்தது (2002-இல் மட்டும் அதைக் கனடாவும் பகிர்ந்துகொண்டது). அந்த நெடிய சங்கிலி வான்கூவரில் அறுந்தது. பனிச்சறுக்கு நடனத்தின் எந்தப் பிரிவிலும் சீனா பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அதுவே. நிழற்படம் பார்த்துப் பழகிய ஒருவரின் மாணவர் முதலிரு இடங்களையும் பெற்றனர்.

கடைசி இடத்தின் கணக்கு

யாவ் பின்னுடன் சிரிப்பைத் தாங்கிய லுவான் போவை நாம் மறந்துவிடக் கூடாது. வெற்றி வரலாறுகளில் ஆசானின் பெயர் எழுதப்படும்போது அவருடன் நின்ற பெண்ணின் பெயர் பல வேளைகளில் விடுபட்டுப்போகிறது. லுவான் போவும் ஹார்பினில் பயிற்சியாளரானார். 2007-ஆம் ஆண்டு அவர் சுய் வென்ஜிங் என்ற சிறுமியையும் ஹான் சோங் என்ற சிறுவனையும் இணையராக்கிப் பயிற்றுவித்தார். அவர்கள் இளையோர் உலகப் பட்டத்தை மும்முறை வென்று, மூத்தோர் பிரிவிலும் உலகப் பட்டம் பெற்றனர். 2018-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் ஒரு மதிப்பெண்ணில் பாதிக்கும் குறைவான வேறுபாட்டில் தங்கத்தை இழந்தனர். 2022-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 239.88 மதிப்பெண்ணுடன் தங்கம் வென்றனர். அப்போது அவர்களுக்குப் பயிற்சியாளராக அருகில் நின்றவர் ஜாவ் ஹோங்போ.

இப்போது கணக்கைப் பாருங்கள். 1980-ஆம் ஆண்டின் கடைசி இடத்திலிருந்து இரு கிளைகள் புறப்பட்டன. யாவ் பின்னின் கிளை 2010-இல் கனிந்தது. லுவான் போவின் கிளை 2022-இல் கனிந்தது. முதற்கிளையில் கனிந்தவரே இரண்டாம் கிளைக்கு நீர் ஊற்றினார்.

ஆனால் இதிலிருந்து அவசரமாக ஒரு நீதியை எடுத்துக்கொள்வதும் சரியன்று. கடைசி இடம் பெற்ற எல்லோருடைய மாணவரும் தங்கம் வெல்வதில்லை. உலகெங்கும் எத்தனையோ பேர் கடைசியாக வந்து, பின்பு பெயர் தெரியாமலே பிறருக்குக் கற்பித்து மறைந்திருக்கின்றனர். தங்கம் வந்ததால்தான் யாவ் பின்னின் உழைப்பு மதிப்புப் பெற்றது என்றால், தங்கம் வராத அந்த ஆசிரியர்களின் உழைப்பு வீண் என்றாகிவிடும். அப்படி அன்று. 1984-ஆம் ஆண்டு சாரயேவோவிலிருந்து வெறுங்கையுடன் திரும்பிய அவர், 'எனக்குத் தெரியாததை அடுத்த பிள்ளை தெரிந்துகொள்ளட்டும்' என்ற வகையில் வாழத் தொடங்கினாரே, அந்த நாளிலேயே அவர் உழைப்பு மதிப்புடையதாகிவிட்டது. பதக்கம் அதை உலகுக்குக் காட்டியது, உண்டாக்கவில்லை.

நாம் கற்பவை

முதலாவது, சிரிப்பைப் பற்றியது. வகுப்பில் ஒருத்தி எழுந்து தவறாக விடை சொல்கிறாள். மேடையில் ஒருத்தி வசனத்தை மறந்து நிற்கிறாள். உடனே ஒரு சிரிப்பலை எழுகிறது. சிரிப்பவர் அடுத்த மணிக்குள் மறந்துவிடுவர். சிரிப்புக்கு ஆளானவளோ ஆண்டுகள் பல அதைச் சுமப்பாள். எல்லோரும் யாவ் பின்னைப் போலவோ லுவான் போவைப் போலவோ மீண்டும் களத்திற்கு வருவதில்லை. எத்தனை கலைகள், எத்தனை கல்விகள் ஒரு சிரிப்பால் முளையிலேயே கருகியிருக்கும்! ஆகவே சிரிப்பைத் தாங்கப் பழகுவது பாதிப் பாடமே. சிரிக்காதிருக்கப் பழகுவது மறுபாதி.

இரண்டாவது, துணையைப் பற்றியது. இணையர் ஆட்டத்தில் 'என் பங்கை நான் சரியாகச் செய்தேன். அவள்தான் விழுந்தாள்' என்று சொல்ல வழியில்லை. விழுந்தது இருவரும். எழவேண்டியதும் இருவரும். குடும்பத்திலும் விடுதியிலும் வகுப்பிலும் நாம் இப்படி ஒருவரோடு ஒருவர் கட்டப்பட்டவர்களே. ஆய்வுக்கூடத்தில் நம்முடன் சோதனை செய்யும் தோழி மெதுவாகக் கற்பவளாக இருக்கலாம். அவளைக் கடிந்துகொள்வதால் சோதனை விரைவாக முடியாது.

மூன்றாவது, காலத்தைப் பற்றியது. புனித பவுல் அடியார் கிறிஸ்தவ வாழ்வை ஓட்டப்பந்தயத்திற்கு ஒப்பிட்டார். பந்தயம் என்றதும் நமக்கு வேகம் நினைவுக்கு வருகிறது. அவர் நினைவூட்டியதோ கட்டுப்பாட்டையும் இறுதிவரை நிலைத்திருப்பதையும். பதின்மூன்று வயதில் தொடங்கிய ஷென் ஷுவே முப்பத்தொன்றில் தம் இலக்கை அடைந்தார். இடையே இருபத்தொன்றாம் இடம், மூன்று ஒலிம்பிக்குகளில் கைநழுவிய தங்கம், காயங்கள், விலகல், திரும்புதல். அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் பனித்தரையில் அவர் விழுந்த விழுக்காடுகளை எவரும் எண்ணி வைக்கவில்லை. அவரும் எண்ணியிருக்க மாட்டார். விழுந்தவர் முதலில் செய்யவேண்டியது எழுவது. ஆடையில் ஒட்டிய பனித்துகளை இசை முடிந்த பிறகு தட்டிக்கொள்ளலாம்.